அறிக்கையில் அடங்காத ஊர்: 'தி அன்ட்ரொமீடா ஸ்ட்ரெயின்' பற்றிய ஒரு நோக்கு

மைக்கல் கிரைட்டனின் 'தி அன்ட்ரொமீடா ஸ்ட்ரெயின்' 1969இல் வெளிவந்த விஞ்ஞானப் புனைகதை. வான்வெளியிலிருந்து மீண்ட செய்மதியொன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீட்மன்ட் என்னும் சிற்றூரில் இறங்குகிறது. அதனோடு வந்த நுண்ணங்கி, ஒரு முதியவரும் ஒரு கைக்குழந்தையும் தவிர ஊரார் அனைவரையும் மாய்க்கிறது. நெவாடாவில் நிலத்தின் கீழ் ஐந்து தளங்களாக அமைந்த ஆய்வுகூடத்தில் விஞ்ஞானிகள் அதன் இயல்பை அறிய முயல்கின்றனர்.

வேற்றுலகப் பகையை மனித அறிவு வென்ற கதையாக இதனைக் கொள்வது பொருந்தாது. கிருமிப் போருக்கு உதவக்கூடிய உயிரிகளைத் தேடியே அச்செய்மதி அனுப்பப்பட்டது. எனவே, பகை தானாக வரவில்லை, அழைத்து வரப்பட்டது. ஊரை அணுகுண்டால் அழிக்கும் முடிவு தாமதமானது கண்டு சினந்த விஞ்ஞானிகள், அக்குண்டின் ஆற்றலே நுண்ணங்கியை வளர்த்திருக்கும் எனப் பின்னர் உணர்கின்றனர். மணிக்கும் அதன் நாவுக்கும் இடையே சிக்கிய கடதாசித் துணுக்கொன்றால் முக்கியமான செய்தி கவனிக்கப்படாது போகிறது. தன் வலிப்பு நோயை மறைத்த விஞ்ஞானி ஒருவர் தேடிய விடையையே காணத் தவறுகிறார். இறுதியில் நுண்ணங்கி தானாகவே மாறித் தீங்கற்றதாகிறது. இம்முடிவு சப்பென்றிருப்பதாகத் தோன்றலாம். ஆயினும், மனிதர் தப்பியது தம் திறமையாலன்று என்பதே நாவலின் மையக்கருத்து.

இது வெறுங்கற்பனையுமன்று. அதே ஆண்டு யூலையில் சந்திரனிலிருந்து திரும்பிய அப்பலோ 11 வீரர்கள் மூன்று வாரங்கள் தனிமைப்படுத்தப்பட்டனர். ஆனால், அவர்கள் வந்த கலத்தின் கதவு அதற்கு முன்பே திறந்த கடலில் திறக்கப்பட்டிருந்தது. சந்திரனில் கிருமி இல்லாமையே உலகைக் காத்தது.

இந்நாவலின் குறை வேறிடத்தில் உள்ளது. அரசாங்க அறிக்கை போன்ற நடை கதைக்கு நம்பகத்தன்மை தருகிறது. அந்நடையே பீட்மன்ட் மக்களைச் சான்றுப் பொருள்களாகவும் ஆக்கிவிடுகிறது. அவர்களின் குருதி உறைந்த விதம் விரிவாக ஆராயப்படுகிறது. அவர்கள் வாழ்ந்த விதம் ஆராயப்படவில்லை. உயிர் தப்பிய முதியவரிடம் அவர் உட்கொண்ட மருந்தும் அருந்திய மதுவும் கேட்கப்படுகின்றன. அவர் இழந்த அயலாரைப் பற்றி எவரும் கேட்பதாயில்லை.

கதிரவெளி போன்றதோர் ஊரிலிருந்து வாசிக்கும்போது இக்குறை தெளிவாகப் புலப்படும். வாகரைக்கு வடக்கே கடலோரம் அமைந்த இவ்வூர்ப் பாடசாலையில் இடம்பெயர்ந்தோர் தஞ்சமடைந்திருந்தனர். 2006 நவம்பர் 8ஆம் திகதி அங்கு எறிகணைகள் வீழ்ந்ததில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெளியுலகுக்கு அவர்களும் அறிக்கையொன்றின் எண்ணாகவே சென்று சேர்ந்தனர். எண் பொய்யன்று, ஆனால் அது முழு உண்மையுமன்று. அழிந்தோரைப் பெயரிட்டு அழைத்து அழுவோர் இருக்கும்வரையே ஊர் ஊராக எஞ்சுகிறது.

தொலைவில் வகுக்கப்பட்ட திட்டத்தின் விலையை அதனை அறியாத சிற்றூர் செலுத்துவதைக் கிரைட்டன் துல்லியமாகக் கண்டார். அவ்வூரின் துயரை அவர் எழுதவில்லை. அறிவின் செருக்கை உணர்த்தும் நூலாக இது போற்றத்தக்கது. மாண்டவர் பக்கம் நின்று எழுதப்படும் விஞ்ஞானப் புனைகதையோ தமிழில் எழுதப்படுவதற்குக் காத்திருக்கிறது.