நிற்கத் தெரிந்த சைக்கிள்

எந்தச் சைக்கிளையும் ஓட்டிப் பார்த்து வாங்கலாம். நகரத்துச் சுவரிலும் படிக்கட்டிலும் தாவி விளையாடும் ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ் சைக்கிளை மட்டும் நிறுத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. சீட் என்று பேருக்கு ஒன்று தாழ்வாக ஒட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்து மிதித்தால் முழங்கால் மார்பில் வந்து இடிக்கும். கியர் ஒன்றே ஒன்று. பெடல் பக்கம் 18 பல், பின்சக்கரத்தில் 12 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 24 அங்குலச் சக்கரம் மூன்று மீட்டர்கூட நகராது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலும் மணிக்கு 15 கிலோமீட்டரைத்தான் தொடலாம். இவ்வளவு பணம் கொடுத்து இதையா வாங்குவது என்று வீட்டில் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

அதே சைக்கிளின் பெடல்மேல் எழுந்து நின்று பாருங்கள். இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக வைத்து, பின்பிரேக்கை ஒற்றை விரலால் பிடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி முன்சக்கரத்தைத் தூக்கினால், அது வெகு சுலபமாக மேலே வரும். வந்து நிற்கும். பின்சக்கரம் தரையைவிட்டு ஒரு நூல் நகராது. இந்தச் சைக்கிளின் அழகெல்லாம் அந்த நிலையில் இருக்கிறது. விலை குறைந்த சைக்கிள்களில் எது தேறும், எது தேறாது என்பதும் அந்த நிலையில்தான் தெரியவரும்.

இந்தக் கலைக்கு மூலம் மோட்டார் சைக்கிள். பாறை, ஓடை, மரக்கட்டை என்று வழியில் எது வந்தாலும் தரையில் கால் ஊன்றாமல் ஏறிக் கடப்பது மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸ். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 1970களில் அந்தப் பந்தயங்களின் வீரரான பெரே பி என்பவரும் அவர் மகன் ஓட் பியும் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே ஆட்டத்தைச் சிறுவர் சைக்கிளில் வளர்த்தார்கள். மகன் பின்னாளில் உலக சாம்பியன் ஆனார். இன்றைய போட்டிகள் 20 அங்குலம், 26 அங்குலம் என்று இரண்டு பிரிவாக நடக்கின்றன. அந்தச் சைக்கிள்களில் சீட்டே கிடையாது. பாறையிலிருந்து பாறைக்குப் பின்சக்கரத்தில் தத்தித் தத்திப் போகிறார்கள். அசாத்தியத் திறமைதான், ஆனால் அரைமணி நேரத்துக்குமேல் என்னால் பார்க்க முடிவதில்லை. ஓட்டம் இல்லாத தத்தல் அது.

ஓட்டத்தைச் சேர்த்தவர்கள் தெருக்காரர்கள். பிஎம்எக்ஸ் சைக்கிள் வித்தைகளின் சுழற்சியையும் ட்ரையல்ஸின் நிலைப்பையும் கலந்து, நகரத்துச் சுவர், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பிகளில் விளையாடினார்கள். உலகம் அதை ஒரே நாளில் கண்டுகொண்டது ஏப்ரல் 2009இல். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் டன்வேகன் என்ற ஊரில் பிறந்து, எடின்பரோவில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த டானி மக்காஸ்கில் அப்போது 23 வயதுக்காரர். அவருடைய நண்பர் டேவ் சவர்பி மாதக்கணக்கில் படம்பிடித்த ஐந்தரை நிமிடக் காட்சித்தொகுப்பு இணையத்தில் வெளியாயிற்று. ஈட்டி முனைகள் வைத்த இரும்பு வேலியின் மேல்விளிம்பில் சைக்கிளை ஏற்றி ஓட்டுகிறார். அதற்குமுன் விழுந்து விழுந்து எழுந்ததையும் படத்தில் வைத்திருக்கிறார்கள். இன்னோரிடத்தில் ஒரு மரத்தில் ஏறிக் குட்டிக்கரணம் அடித்து இறங்குகிறார். எல்லோரும் மரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு இன்றும் அலுக்காதது ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் பின்சக்கரத்தில் நிற்கும் அரைநொடி. வேகமாக வந்த உடம்பும் வண்டியும் அங்கே மொத்தமாக அடங்கி, எங்கே போகலாம் என்று யோசித்துவிட்டுக் கிளம்புகின்றன. அந்த அரைநொடியைக் கொடுப்பது பிரேக்.

ஆகவே முதல் காசு பிரேக்குக்கு. இங்கே இரண்டு கட்சி. பழைய கட்சியின் தெய்வம் ஜெர்மானியத் தயாரிப்பான மகுரா எச்.எஸ்.33. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கி, ரிம்மின் இரண்டு பக்கத்தையும் ரப்பர் கட்டையால் கவ்வும். தேர்ந்தவர்கள் ரிம்மின் பக்கவாட்டை கிரைண்டரால் சொரசொரப்பாக்கி விடுவார்கள். அப்புறம் அந்தப் பிடியை அசைக்க முடியாது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சலும் கிளம்பும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் புதிதாக வருகிறவருக்கு இது வேண்டாம் என்பேன். ரிம்மில் சிறிது கோட்டம் விழுந்தாலே கட்டை உரசும்; புதியவர் தினமும் கோட்டம் விழவைப்பார். சொரசொரப்பு தேய்ந்தால் மறுபடி கிரைண்டர். மழை நனைத்தால் பிடியில் பாதி போய்விடும்.

புதிய கட்சியான டிஸ்க் பிரேக்குக்கு ரிம்மின் கோட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. லங்காஷயரின் பார்னால்ட்ஸ்விக்கில் ஹோப் நிறுவனம் ட்ரையல்ஸுக்கென்றே கடைந்தெடுக்கும் பிரேக்குகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும், விலையும் அப்படியே. ஆரம்ப விலை சைக்கிளில் பெரும்பாலும் கேபிளால் இழுக்கும் டிஸ்க் வரும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆவிட் பி.பி.7 போல இரண்டு பக்கத்துப் பேடையும் தனித்தனியே திருகி நெருக்கிக்கொள்ளும் வகை என்றால், நல்ல கேபிளும் உறையும் போட்டுவிட்டு வருடக்கணக்கில் ஓட்டலாம். அப்படி இரண்டு பக்கமும் திருகி நெருக்க வழியில்லாத மலிவான வகையும் உண்டு. அதிலும் நிற்கும், ஆனால் லீவரில் விரலுக்கு ஒரு தெளிவு கிடைக்காது. இறுகியதா, இறுகிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியாமலே பின்சக்கரத்தில் ஏறி நிற்க யாருக்கும் துணிவு வராது.

கடையில் சோதிக்க வழி எளிது. முன்பிரேக்கை ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் மேலே எழ வேண்டும், முன்சக்கரம் வழுக்கக் கூடாது. அப்படியே முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டொக்’ என்ற இடைவெளி கையில் தட்டுப்படக் கூடாது. புது டிஸ்க் பழகப் பழகத்தான் பிடிக்கும் என்பதால் முதல் நாளில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் கடைக்காரர் கண்டிப்பார். விரலின் எண்ணெய்ப் பசைகூட அதற்கு ஆகாது.

அடுத்தது ஃப்ரீவீல், மிதித்தால் கடித்து, மிதிக்காதபோது சும்மா சுற்றவிடும் அமைப்பு. ரசிகனாக எனக்கு மிகவும் பிடித்த பாகம் இது. சாதாரண சைக்கிளில் பெடலைப் பின்னால் தளர்த்தி மறுபடி மிதித்தால், உள்ளே பற்கள் கடிப்பதற்குமுன் பெடல் கொஞ்ச தூரம் சும்மா போகும். கடைத்தெருவுக்குப் போகும்போது இதை யாரும் கவனிப்பதில்லை. பின்சக்கரத்தில் நின்றுகொண்டு அரைக் கால் மிதியில் அடுத்த திட்டுக்குத் தாவுகிறவருக்கு அந்தச் சும்மா தூரம்தான் வில்லன். பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் ஒரு சுற்றில் 24 இடங்களில் கடிக்கும் வகை என்றால் 15 டிகிரிக்கு ஒரு கடி. முன்சொன்ன 18க்கு 12 என்ற கணக்கில் பெடலுக்கு அது 10 டிகிரி. பெடலைத் தாங்கும் கையான கிராங்க் 170 மில்லிமீட்டர் என்றால், அதன் நுனியில் அளக்கும்போது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வெற்றுப் பயணம். ஃப்ரீவீலைப் பின்சக்கரத்திலிருந்து எடுத்துக் கிராங்க்கிலேயே பூட்டி, 108 இடங்களில் கடிக்கவைத்தால் அதே பயணம் ஒரு சென்டிமீட்டராகக் குறைகிறது. 72 இடங்கள் என்றால் ஒன்றரை. நினைத்தவுடன் மிதி விழுகிறது என்று ஓட்டுநர்கள் சிலாகிப்பதற்குக் காரணம் இந்த இரண்டு சென்டிமீட்டர்தான்.

முன் ஃப்ரீவீலுக்கு ஒரு விநோதம் உண்டு. மிதிக்காமல் உருண்டாலும் செயின் சுற்றிக்கொண்டே இருக்கும். தொளதொளவென்று பேன்ட் போட்டு வந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். இதை விரும்பாமல் நுணுக்கமாகக் கடிக்கும் ஹப்பைப் பின்னால் வைத்துக்கொள்பவர்களும் தெரு ஓட்டத்தில் நிறைய. நல்ல பின் ஹப்புக்கு விலை அதிகம் என்பதால், கையில் அளவான பணம் இருப்பவருக்கு முன் ஃப்ரீவீலே லாபம். எதுவானாலும் மிதிக்கும்போது ஒருமுறைகூட வழுக்கக் கூடாது. முழு பலத்தையும் போட்டு மிதிக்கும் நேரத்தில் கடி விட்டால், அல்லது செயின் அறுந்தால், மார்பு ஹேண்டில்பார் மேல் போய் விழும். செயினுக்கு மட்டும் கஞ்சத்தனம் ஆகாது.

இனி உடம்பு, அதாவது ஃப்ரேம். சாதாரண சைக்கிள்களில் பெடல் அச்சு, இரண்டு சக்கர அச்சுகளையும் சேர்க்கும் கோட்டுக்குக் கீழே தொங்கும். ட்ரையல்ஸில் அது கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும். போட்டி சைக்கிள்களில் மிக உயரம். வண்டி எப்போது பின்னால் சாயலாம் என்று காத்திருக்கும். தெரு சைக்கிளில் ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர் போலத்தான் மேலே. தத்தவும் வேண்டும், உருண்டு வந்து சுழலவும் வேண்டும் என்பதால் இந்த நடுவாந்தரம். பெடல் அச்சிலிருந்து பின் அச்சுவரை உள்ள தூரம் 24 அங்குல வண்டியில் 36 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். இது குறையக் குறைய முன்பக்கம் தூக்குவது எளிது. மேல்குழாய் நன்றாகத் தாழ்ந்திருப்பதைக் கவனியுங்கள். கால்களுக்கு நடுவே வண்டியைப் புரட்ட அந்த வெற்றிடம் வேண்டும்.

சாதாரண மலை சைக்கிளையே ஒட்டுப்போட்டு ட்ரையல்ஸ் ஆக்கிவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். மேலே சொன்ன மூன்று அளவுகளும் அதில் தலைகீழ். முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் வேறு. எம்புவதற்கு நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தை அது வாங்கி விழுங்கிவிடும். மலை சைக்கிளில் பயிற்சி எடுங்கள், நல்லதுதான். பணத்தை அதில் கொட்டாதீர்கள்.

சக்கரம் 20, 24, 26 என்ற மூன்று அளவில் கிடைக்கிறது. 20 சுறுசுறுப்பு, ஆனால் சிறு பள்ளத்திலும் தடுக்கும். 26 நன்றாக உருளும், டயரும் எங்கும் கிடைக்கும்; உயரமானவர்கள் அதை எடுத்தால் தப்பில்லை. மற்றவர்களுக்கு 24. மக்காஸ்கிலின் தொடக்ககாலப் படங்களில் இருப்பதும் 24தான். இன்ஸ்பயர்ட் என்ற சிறு பிரிட்டிஷ் நிறுவனத்தின் வண்டி அது. அந்த முதல் படத்துக்குப் பெயரே நிறுவனத்தின் பெயர்தான். அவர் பிறந்த தீவின் பெயரில் ‘ஸ்கை’ என்று விலை உயர்ந்த ரகம் ஒன்றும், புதியவர்களுக்காக ‘ஃப்ளோ’ என்ற ரகமும் அந்த வீட்டிலிருந்தே வந்தன. அருகருகே வைத்து இரண்டையும் பார்த்தால், செய்பவர் எங்கே காசு மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று எப்படி யோசிக்கிறார் என்பது புரியும். விலை குறைந்த சைக்கிளை ரசிப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை அந்த யோசனையை ரசிப்பதுதான்.

எடை கூடினால் கூடட்டும். ஒரு கிலோ அதிகம் என்பதற்காகத் தாவ முடியாமல் போனவர் யாருமில்லை. டயரின் ஓரத்தில் மடங்காத கம்பி இருக்கலாம், பெடல் பிளாஸ்டிக்காக இருக்கலாம், கைப்பிடி ரப்பர் மட்டமாக இருக்கலாம். இவை தேயத் தேய மாற்றிக்கொள்பவை. பெயின்ட் மங்கலாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் மாதத்திலேயே அது சுவரில் பாதி போய்விடும். கிராங்க்கும் அச்சும் சேரும் இடத்தில் மட்டும் சமாதானம் கூடாது. சதுரத் தலை அச்சில் மாட்டிய மலிவு அலுமினியக் கிராங்க், உயரத்திலிருந்து குதித்துக் குதித்து ஓட்டை அகன்று ஆட ஆரம்பிக்கும். சுற்றிலும் பல் வெட்டிய அச்சாகக் கேட்டு வாங்குங்கள். முன் ஃபோர்க்கும் ட்ரையல்ஸுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

பழைய சைக்கிள் கிடைத்தால் விலை பாதியாகலாம். பிரிட்டனில் இதை ஓட்டுபவர்களின் கூட்டம் சிறியது. ஒருவர் கழித்த வண்டியில் இன்னொருவர் பழகுவது அங்கே வழக்கம். வாங்குமுன் ஹேண்டில்பார் குழாய் ஃப்ரேமில் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றிய வெல்டிங், கிராங்க்கின் வேர் ஆகிய இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். முடிபோல ஒரு கோடு தெரிந்தாலும் வேண்டாம். அலுமினியம் வளைந்து எச்சரிக்காது. விரிசல் ஓடி, ஒரு நாள் பட்டென்று விடும். ஃப்ரேமின் பெயின்ட்டில் கீறல் எவ்வளவு இருந்தாலும் பயமில்லை. புதுப் பெயின்ட் அடித்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

மக்காஸ்கிலுடன் டிராப் அண்ட் ரோல் குழுவில் ஊர் ஊராகப் போய் ஓட்டிக் காட்டிய அலி கிளார்க்சனின் பயிற்சிக் காணொளிகளை, வண்டி வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. நிற்பது, பின்சக்கரத்தில் தத்துவது, ஒரு மிதியில் எம்புவது என்று அவர் பிரித்துக் காட்டும்போது, எந்தப் பாகம் எந்த நொடியில் வேலை செய்கிறது என்று கண்ணுக்குப் பழகும். பாட்டைப் போட்டு மறைக்காத காட்சிகளில் பிரேக்கின் கீச்சொலியையும் ஃப்ரீவீலின் ரீங்காரத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

சரி, எதை வாங்குவது? 24 அங்குலம், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், முன்னும் பின்னும் டிஸ்க், கிராங்க்கில் ஃப்ரீவீல், பல் வெட்டிய அச்சு. இவை ஐந்தும் இருந்தால் எந்த நிறுவனமானாலும் எடுங்கள். நிறத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த பணத்தில் ஒரு நல்ல ஹெல்மெட்டும், முழங்காலுக்குக் கீழே மாட்டும் காப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். பெடல் முள் முன்னங்காலில் இறங்கினால் தையல் போட வேண்டிவரும்.