பல்கலைக்கழக நூலகமும் எமது மாணவரும்

ஒரு நூலகத்தின் பெருமை அதன் இறாக்கைகளில் எத்தனை ஆயிரம் நூல்கள் உள்ளன என்பதில் தங்கியிருக்கவில்லை. அந்நூல்கள் எத்தனை கைகளுக்குச் சென்று மீள்கின்றன என்பதிலேயே தங்கியுள்ளது. இவ்வுண்மையை மறுப்பார் எவருமிலர். எனினும் எமது பல்கலைக்கழக நூலகங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்க்க நாம் முன்வருவதில்லை. நூற்றொகை பெருகிவிட்டது என்று கேட்டு மகிழ்கிறோம். பெருகியவற்றுள் எவ்வளவு வாசிக்கப்பட்டது என்று கேளாது விட்டுவிடுகிறோம். அக்கேள்வியையே இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

இது நூலக நிர்வாகத்தை மட்டும் பொறுத்த கேள்வியன்று. 1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது உயர்கல்வி ஒரு சிறு கூட்டத்தினரின் உடைமையாகவே இருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியும், 1960இல் பேராதனையில் கலைத்துறைப் படிப்பு சுயபாஷைகளில் தொடங்கியமையும், 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டமையும் கமக்காரனின் மகனுக்கும் கடற்றொழிலாளியின் மகளுக்கும் பல்கலைக்கழகக் கதவுகளைப் படிப்படியாகத் திறந்துவிட்டன. வேண்டிய நூல்களை விலைகொடுத்து வாங்கக்கூடியவனுக்குப் பல்கலைக்கழக நூலகம் ஒரு வசதி. அவ்வாறு வாங்க இயலாதவனுக்கோ அந்நூலகமே பல்கலைக்கழகம். தேயிலைக் கொழுந்து பறிப்பவளும் வலை இழுப்பவனும் சேர்ந்து கட்டிக் காக்கும் பொதுச்செல்வம் அது. அச்செல்வம் பயன்படாது கிடப்பின் நட்டம் யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்று எமது பல்கலைக்கழக நூலகங்களின் வாசிப்புக்கூடங்களை நோக்குவோர் முதலில் மகிழ்ச்சியே அடைவர். பரீட்சை நெருங்கும் காலத்தில் அங்கு ஓர் இருக்கை கிடைப்பதே அரிது. ஆனால் சற்று அருகே சென்று பார்த்தால் மேசைகளில் விரிந்து கிடப்பவை பெரும்பாலும் நூலகத்து நூல்கள் அல்ல என்பது புலப்படும். விரிவுரைக் குறிப்புகளும், முந்திய ஆண்டு மாணவரிடமிருந்து பெற்ற போட்டோப்பிரதிகளும், கடந்தகால வினாத்தாள்களுமே அங்கு படிக்கப்படுகின்றன. விடுதி அறையில் இடமில்லாதவனுக்கு மேசையும் மின்விளக்கும் அமைதியும் கிடைப்பது நல்லதே. ஆயினும் மேசைக்கும் விளக்குக்கும் மட்டுமாக ஒரு நூலகம் வேண்டியதில்லை. ஒரு மண்டபமே போதும்.

இதற்கு மாணவனின் சோம்பலைக் காரணங்காட்டுவது எளிது; ஆனால் நியாயமன்று. அவன் க.பொ.த. உயர்தரம் வரை எவ்வாறு பயின்று வந்தான் என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ரியூட்டரியில் சொல்லக்கேட்டு எழுதிய கொப்பியே அவனுக்குக் கல்வி. எவ்வினாவுக்கும் ஒரு விடை, அவ்விடைக்கு இத்தனை புள்ளி என்ற நம்பிக்கையோடுதான் அவன் பல்கலைக்கழகம் புகுகிறான். அங்கும் குறிப்புகளை ஒப்புவித்தாலே தேர்ச்சிபெறக் கூடிய வினாத்தாள் அமையுமாயின், அவன் இறாக்கைகளிடையே ஏன் அலையப்போகிறான்? நூலகத்தை நாட வைக்காத வினாத்தாளே நூலகத்தின் முதற் பகைவன் என்பது எமது கருத்து.

இவ்விடத்தில் சீ. இரா. அரங்கநாதனை நினைவுகூர்தல் பொருத்தமாகும். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகவியலின் அடிப்படையாக இன்றும் கொள்ளப்படுகின்றன. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பன அடுத்த இரண்டு. வாசகனின் நேரம் வீணாகலாகாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பது ஐந்தாவது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவை சாதாரண வாக்கியங்களாகவே தோன்றலாம். நூலைக் காவல்காப்பதே நூலகனின் தொழில் என்றிருந்த நிலையை மாற்றி, வாசகனை நூலகத்தின் நடுவே நிறுத்தியமையிலேதான் இவற்றின் சமுதாயப் பொருள் அடங்கியுள்ளது.

இவ்விதிகளை நூலகர் கடைப்பிடித்தால் மட்டும் போதுமா? மாணவனும் தன் பங்கைச் செய்தல் வேண்டும். நூற்பட்டியல் எவ்வாறு அமைந்துள்ளது, நூலின் முதுகில் ஒட்டியுள்ள பகுப்பு எண் எதனைக் குறிக்கிறது என்பவற்றை அறியாமலே பட்டம் பெற்றுச் செல்வோர் எம்மிடையே உள்ளனர். எமது பல்கலைக்கழக நூலகங்களில் பெரிதும் வழங்குவது 1876இல் அமெரிக்கரான மெல்வில் டூவி வெளியிட்ட தசமப் பகுப்புமுறை. அதன்படி தமிழ்மொழி பற்றிய நூல்கள் 494.811 என்ற எண்ணிலும், தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணிலும் வைக்கப்படுகின்றன. ஆகவே இலக்கண நூல் ஓரிடத்தில் இருக்க, அவ்விலக்கணத்துக்கு இலக்கியமான நூல் வெகுதொலைவில் நிற்கும். இதனை அறியாத மாணவன் ஓர் இறாக்கையை மட்டும் பார்த்துவிட்டு, தனக்கு வேண்டிய நூல் இல்லையென்று திரும்பிவிடுகிறான்.

அப்பகுப்புமுறையையும் நாம் கண்மூடி ஏற்கவேண்டியதில்லை. இலக்கியத்துக்குரிய நூறு எண்களில் 810 முதல் 880 வரையுள்ளவை அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் அளிக்கப்பட, ஏனைய உலகம் முழுவதும் 890 என்ற ஒரே அறைக்குள் நெருக்கி வைக்கப்பட்டுள்ளது. ஈராயிரம் ஆண்டுத் தமிழிலக்கியம் அவ்வறையின் ஒரு மூலையில், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களைச் சுமந்து நிற்கிறது. அறிவை வகைப்படுத்துவோர் தாம் நின்ற இடத்தை உலகின் நடுவாகக் கொள்வர் என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமா? எனினும் வழி கோணலாயின் அவ்வழியை நன்கு தெரிந்துகொள்ளும் கடமை எமக்கு இன்னும் அதிகமாகிறது.

நூலகத்தின் முழுப்பயனையும் பெறுதல் என்றால் என்ன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மலையக நாவல் பற்றி ஒரு மாணவன் கட்டுரை எழுதவேண்டியுள்ளது என்று கொள்வோம். குறிப்புக் கொப்பியை நம்பியவன் நான்கு நாவல்களின் கதைச்சுருக்கத்தையும், ‘தோட்டத் தொழிலாளரின் அவலம் தத்ரூபமாகச் சித்திரிக்கப்பட்டுள்ளது’ என்ற வாக்கியத்தையும் எழுதி முடிப்பான். நூலகத்தை அறிந்தவனோ இலக்கிய இறாக்கையோடு நின்றுவிடமாட்டான். தொழிலாளர் பிரச்சினை பற்றிய நூல்களை 331ஆம் எண்ணில் தேடுவான். இலங்கை வரலாற்றை 954.93இல் காண்பான். குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளைப் புரட்டுவான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது யார் எதனைச் சொன்னார்கள் என்பதை ஹன்சார்ட் தொகுதிகளில் வாசிப்பான். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியவற்றையும் தேடிப் படிப்பான். அதன்பின் அந்நாவல்களுக்குத் திரும்பும்போது, ஒரு பாத்திரத்தின் மௌனத்துக்குள்ளும் ஒரு சட்டத்தின் குரல் கேட்பதை அவன் உணர்வான். அவன் எழுதுவதே விமர்சனம், மற்றையது கதைச்சுருக்கம்.

பழந்தமிழ் இலக்கியத்திற்கும் இது பொருந்தும். கலித்தொகையை இன்று எத்தனையோ மலிவுப் பதிப்புகளில் வாசிக்கலாம். ஆனால் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் வெளியிட்ட பதிப்பையும் அதன் பதிப்புரையையும் பார்த்தவனுக்கே, ஓலையிலிருந்து அச்சுக்கு அந்நூல் வந்த பாடு தெரியும். பிற்காலப் பதிப்புகளோடு அதனை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் காண்பவன் நூல் என்பது ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று, மனித உழைப்பால் மீட்கப்பட்டது என்பதை உணர்வான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி எமது பல்கலைக்கழக உசாத்துணைப் பகுதிகளில் மாணவனின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. ஐயமுற்ற சொல்லை அதில் பார்க்கும் பழக்கம் எத்தனை பேரிடம் உண்டு?

இனி, நூலகத்தின் சேவைகளுள் மிகக் குறைவாகப் பயன்படுவது அங்கு பணிபுரியும் மனிதரின் அறிவே எனலாம். உசாத்துணை நூலகரிடம் சென்று, ‘இப்பொருள் பற்றி எங்கு தேடலாம்?’ என்று கேட்பதை எமது மாணவர் ஒரு குறைபாடாக எண்ணுகின்றனர். உண்மையில் அவ்வாறு கேட்கப்படுவதற்கே அவர் அங்கு அமர்ந்துள்ளார். தம் நூலகத்தில் இல்லாத நூலைப் பிற நூலகத்திலிருந்து இரவலாகவோ பிரதியாகவோ பெற்றுத்தரும் ஏற்பாடும் உண்டு. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாட்டினால், இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் உரியனவாகின்றன. ஈழத்து எழுத்தை ஆராய விழையும் எவருக்கும் இத்தகைய சேகரிப்பு ஒரு சுரங்கம். 1946இல் தோன்றிய மறுமலர்ச்சி, 1958இல் தோன்றிய கலைச்செல்வி, 1966இல் தோன்றிய மல்லிகை ஆகிய இதழ்களைத் தொடர்ச்சியாகப் பார்க்காது ஈழத்துச் சிறுகதை வரலாறு எழுதுவது, நிலத்தைப் பாராது விளைச்சலைக் கணிப்பது போலாகும்.

நூலகத்தில் தேடுவதனால் என்ன கிடைத்துவிடும் என்று ஐயுறுவோர் தனிநாயகம் அடிகளாரின் பணியை எண்ணிப் பார்க்கலாம். அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் அச்சானது. அதன் பிரதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவர் அவரே. அந்நூல் அங்கு முன்னரும் இருந்தது. தேடிச் செல்லும் தமிழ் வாசகன்தான் இருக்கவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்ற மூன்றாம் விதியின் பொருள் இதுவே.

மொழிப் பிரச்சினையை மறைப்பதில் பயனில்லை. தமிழில் கற்கும் மாணவன் ஆங்கில நூல்கள் நிறைந்த இறாக்கைகளைக் கண்டு அஞ்சுகிறான். சுயபாஷைக் கல்வி தந்த ஜனநாயக வாய்ப்பை நாம் எள்ளளவும் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தாய்மொழியிற் கற்பது பிறமொழி நூல்களை மூடிவைப்பதற்கான அனுமதிப் பத்திரமன்று. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு இரண்டு பக்கம் வாசிப்பவன் பட்டம் பெறும்போது வேறு மனிதனாக வெளிவருவான். பல்கலைக்கழகங்களும் மொழிபெயர்ப்பைத் தம் தலையாய கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளல் வேண்டும்.

கைத்தொலைபேசியில் யாவும் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்போரும் உளர். இணையத்தை இகழ்வது எமது நோக்கமன்று. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், தேடியும் கிடைக்காத ஈழத்து நூல்களையும் இதழ்களையும் உலகெங்கும் இலவசமாக வாசிக்க வைத்துள்ளது; அது தன்னார்வ உழைப்பின் பெரும் சாதனை. ஆனால் தேடத் தெரிந்தவனுக்கே இணையமும் பயன்தரும். ஆய்விதழ்கள் பல விலை கட்டிப் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. பல்கலைக்கழக நூலகம் சந்தா செலுத்தித் திறந்துவைத்திருக்கும் தரவுத்தளங்களை மாணவன் அறியாவிடின் அப்பூட்டு அவனுக்குப் பூட்டாகவே இருக்கும். முதலில் வந்து விழும் செய்தியை நம்புவதும் குறிப்புக் கொப்பியை நம்புவதும் ஒரே நோயின் இரு குறிகளே.

ஆகவே எமது கோரிக்கைகள் சில. நூலகப் பயன்பாடு முதலாம் ஆண்டில் அரைநாள் சுற்றிக்காட்டலாக முடியாது, பாடத்தோடு இணைந்த பயிற்சியாதல் வேண்டும். விரிவுரையாளர்கள் குறிப்பினால் விடையளிக்க முடியாத வினாக்களை அமைத்தல் வேண்டும். வாசகன் ஓய்வாயிருக்கும் வேளையில் நூலகம் திறந்திருத்தல் வேண்டும். பூட்டிய அலுமாரிகள் இயன்றவரை குறைதல் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவதும் மாணவர் போராட்டங்களின் ஓர் அங்கமே.

பாடசாலை ஆசிரியர்களாகிய எமக்கு இதில் தனி அக்கறை உண்டு. இன்று குறிப்புகளை மனனஞ் செய்து பட்டம் பெறுபவன் நாளை எமது வகுப்பறைகளில் அக்குறிப்புகளையே சொல்லி எழுதுவிப்பான். அவனிடம் கற்ற பிள்ளை மீண்டும் வெறுங்கொப்பியோடு பல்கலைக்கழகம் செல்லும். இவ்வட்டம் எங்கேனும் ஓரிடத்தில் அறுக்கப்படல் வேண்டும். அதனை அறுப்பதற்கு மிக வாய்ப்பான இடம் பல்கலைக்கழக நூலகமே.

1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. சுமார் 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் அழிந்தன. அவ்விழப்புக்காக நாம் இன்றும் துயருறுகிறோம், துயருறுவது முறையே. ஆனால் எரிந்த நூலுக்காகக் கண்ணீர் விடும் சமுதாயம், எரியாமல் எஞ்சியிருக்கும் நூலைத் திறந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளது. எமது இளைஞர்கள் நாளையே தத்தம் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்று, பல ஆண்டுகளாக எவரும் இரவல் பெறாத ஒரு நூலைத் தேடியெடுத்து, அதில் தம் பெயருக்குத் திகதி பதிந்து வாங்கி வருவார்களாக.