தம் நாவைத் தாமே பழிப்பதா?

வில்லியம் லபோவ் 1966-இல் வெளியிட்ட நியூயார்க் ஆங்கிலம் பற்றிய நூலில், மூன்று கடைகளின் சிப்பந்திகளை 'ஃபோர்த் ஃப்ளோர்' எனச் சொல்லவைத்து ரகரத்தை எண்ணிய பகுதியையே பலரும் புகழ்வர். செல்வர் கடையில் ரகரம் மிகுதி; எளியோர் கடையில் குறைவு. நம்மை உலுக்கியதோ வேறு பகுதி! 'கார்' என்பதைக் 'கா' என்றே ஒலிக்கும் நகரத்தார் பலர், தாம் ரகரத்தைத் திருத்தமாக ஒலிப்பதாகவே நம்பினராம். தம் ஊர்ப் பேச்சைத் தாமே இழித்தும் உரைத்தனராம்.

ரகரத்தை விழுங்குதல் இழிவா? அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் விழுங்கினாரே! அன்று அது மேன்மக்கள் மொழி. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரோ, அதுவே இழுக்கு. ஒலி அதேதான், விலை கூறுவோர்தாம் மாறினர். இதனை லபோவ் சினமின்றி அட்டவணையாய் அடுக்குகிறார். படிக்கும் நமக்கன்றோ சினம் பொங்குகிறது!