பேஸ் பார்ட்டில் எதை வைக்காமல் விடுவது

கேட் மாடலிங்கில் கான்ஃபிகரேஷன் பிரியர்களுக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. ஒரே ஃபைலுக்குள் நாற்பது வேரியன்ட்டை அடுக்கி, டிசைன் டேபிளின் எக்செல் கட்டங்களை நிரப்பி, ‘எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது பாருங்கள்’ என்பார்கள். போல்ட், வாஷர், பைப் ஃபிட்டிங் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். அளவு மட்டும் மாறும் பொருளுக்கு டேபிள்தான் பொருத்தம். உருவமே கிளை பிரியும் இடத்தில் என் மனம் சாலிட்வொர்க்ஸின் இன்சர்ட் பார்ட் பக்கம்தான் சாயும். புது ஃபைலைத் திறந்து பழைய பார்ட்டை முதல் ஃபீச்சராக இறக்கினால் (பழையது பேஸ் பார்ட், அதாவது தாய்; புதியது பிள்ளை), ஃபீச்சர் ட்ரீயில் அதன் பெயருக்குப் பின்னால் ஒரு சின்ன அம்புக்குறி வந்து உட்காரும்.

அந்த அம்புக்குறியை ரசிக்கிற அளவுக்கு ட்ரீயில் வேறெதையும் நான் ரசிப்பதில்லை. கேள்விக்குறி ஒட்டிக்கொண்டால் தாய் ஃபைல் இப்போது திறந்திருக்கவில்லை. நட்சத்திரம் என்றால் இணைப்பைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எக்ஸ் என்றால் அறுத்துவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் செய்த மாடலானாலும், எங்கிருந்து வந்தது, இன்னும் எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதை அந்த ஒரு குறி சொல்லிவிடும். அந்தக் கட்டுப்பாடு ஒரு திசையில்தான் பாயும் என்பது அதைவிட அழகு. பிள்ளை ஃபைலில் எவ்வளவு வெட்டினாலும் தாய்க்கு ஒரு கீறல் விழாது. தாயில் ஒரு ஃபில்லட்டை மாற்றினால் எல்லாப் பிள்ளைகளிலும் ரீபில்டில் வந்து நிற்கும்.

1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேடை உருவாக்கியபோதே, மூலப் படம் ஒன்று, அதைப் பார்த்து நிற்கும் பிரதிகள் பல என்ற ஏற்பாடு அதில் இருந்தது; மூலத்தைத் திருத்தினால் பிரதிகளும் திருந்தின. பின்னால் ப்ரோ-இ வந்தது, ஃபேமிலி டேபிள் வந்தது, இன்வென்டரில் டெரைவ் வந்தது. கருவியை வைத்துச் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. எந்தக் கருவியானாலும், பேஸ் பார்ட் செய்தவரின் கை எப்படிப்பட்டது என்று பார்க்க, அதில் அவர் எதையெல்லாம் வைக்காமல் விட்டிருக்கிறார் என்று பார்த்தால் போதும்.

இதற்குக் கோவைப் பம்ப் கம்பெனிகளில் புழங்கும் இம்பெல்லரைவிட நல்ல சாட்சி கிடையாது. 200 மி.மீ. விட்டத்தில் ஒரு வார்ப்பு. அதையே லேத்தில் ஏற்றி 190க்கோ 180க்கோ கடைந்தால் வேறு ஹெட் தரும் பம்ப். ஹெட் ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கத்தோடு நகரும் என்பதால், 200இலிருந்து 180க்கு இறங்கினால் அதே வேகத்தில் 50 மீட்டர் 40 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். ஃபவுண்டரிக்கு ஒரே பேட்டர்ன். எந்தப் பம்புக்கு எந்த விட்டம் என்பது மெஷின் ஷாப்பின் வேலை. ஃபைலும் அந்தக் கோட்டிலேயே பிரிய வேண்டும். பேஸ் பார்ட்டில் வேன்கள், ஷ்ரவுட், ஹப், டிராஃப்ட் ஆங்கிள், வார்ப்பின் ஃபில்லட்கள், கடைவதற்காக விட்ட கூடுதல் கனம் ஆகியவை இருக்கட்டும். முடிந்த போர் அளவோ கீவேயோ அதில் எட்டிப் பார்க்கக் கூடாது. உலோகம் சரியாக ஓடவில்லை என்று ஃபவுண்டரி சொல்லி வேன் கனத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினால், தாயில் ஒரே ஒரு டைமென்ஷன் மாறும். 200, 190, 180 மூன்றும் கூடவே வரும்.

நான் பார்த்ததிலேயே மனம் நிறைந்த பேஸ் பார்ட் அப்படி ஓர் இம்பெல்லர்தான். ஆரிஜின் சரியாக ஷாஃப்ட் அச்சில், பின்புற ஷ்ரவுட்டின் கடைசல் மட்டத்தில் இருந்தது. பிளேன்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளை ஃபைல்களின் ஸ்கெட்ச்கள் அந்த பிளேன்களிலும் அச்சிலும்தான் நின்றன. ஒன்றுகூட ஏதோ ஒரு முகத்தையோ விளிம்பையோ பிடித்துத் தொங்கவில்லை. முகத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்பது ஃப்ரீகேட் பழகியவர்களுக்குத் தெரியும். தாயில் ஒரு ஃபில்லட் சேர்ந்ததும் முகங்களின் எண்கள் இடம் மாறி, ஸ்கெட்ச் எங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அதற்கு ஓரளவு நிவாரணம் கிடைத்தது. பிளேனுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் இருந்தவர்கள் அதற்கு முன்பும் இவ்வளவு அவதிப்படவில்லை.

இப்போது வரும் ஃபைல்களைத் திறந்தால் வருத்தமாக இருக்கிறது. பழைய மாடலை சேவ் ஆஸ் போட்டு, பெயருக்குப் பின்னால் நியூ, ஃபைனல், ஃபைனல்2. உள்ளே போனால், முன்பிருந்த துளையை ஓர் எக்ஸ்ட்ரூட் போட்டு அடைத்து, பக்கத்தில் இன்னொரு துளை போட்டிருக்கிறார்கள். ட்ரீயில் செய்வதும் அழிப்பதுமாக நூறு வரி. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படிப் பிரிந்த ஃபைல்களில் கனத்தை ஒவ்வொன்றாகத் திருத்தி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டதால், அந்தப் பழைய டிராயிங் மெஷின் ஷாப் வரை போனது. பயிற்சி மையங்களில் ஒரு டிராயிங்கைக் கொடுத்து அதேபோல் மாடல் செய்யச் சொல்கிறார்கள். அதிலிருந்தே இன்னும் இரண்டு வேரியன்ட் எடு என்று கேட்டால்தானே முதல் மாடலில் எதைத் தவிர்ப்பது என்று பிள்ளைகள் யோசிப்பார்கள்?

இன்சர்ட் பார்ட் தெரிந்தவர்களிலும் ஒரு கூட்டம் உண்டு. ‘பிரேக் லிங்க்’ கட்டத்தில் முதலிலேயே டிக் போட்டுவிடுவார்கள். தாயின் ஃபீச்சர்கள் அத்தனையும் புது ஃபைலுக்குள் வந்து கொட்டும். பிறகு சேவ் ஆஸுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தாய் ஃபைல் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று காரணம் சொல்கிறார்கள். அதற்குத்தான் பேக் அண்ட் கோ இருக்கிறது. வெளியே அனுப்பும்போது தாயையும் பிள்ளையையும் சேர்த்தே கட்டி அனுப்பலாம். இணைப்பை வெட்டியே ஆக வேண்டும் என்றால், பேட்டர்ன் மாறி அந்த இம்பெல்லர் உண்மையிலேயே வேறு வார்ப்பாகும் நாளில் வெட்டட்டும்.