கேட்டில் கேமரா, உள்ளே ரிலே

கடையில் விற்கும் வீடியோ டோர்பெல்கள் பலவும் அமெரிக்க வீட்டை மனத்தில் வைத்துச் செய்தவை. அங்கே வருகிறவர் நேரே வாசற்கதவுக்கு வந்து பொத்தானை அழுத்துவார். பெல்லுக்கு ஓடுவதும் 16 முதல் 24 வோல்ட்தான். வேலூர் காட்பாடியின் காந்திநகரில் பெல் ஸ்விட்ச் கேட் தூணில் இருக்கிறது. வாசற்கதவு இருபது, முப்பது அடி உள்ளே தள்ளி. ஸ்விட்ச் வரை வருவதோ 230 வோல்ட். நடுவில் கார் ஷெட்டும் இரண்டு சுவரும் இருந்தால் வைஃபை தூணைத் தொடுவதே சந்தேகம். போதாததற்கு வேலூர் வெயில். கத்திரியில் 42 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில், மேற்குப் பார்த்த தூணில் மாட்டிய கருப்பு டப்பாவுக்குள் லித்தியம் பேட்டரி என்ன பாடுபடும்?

அதனால்தான் சாதாரண சிசிடிவி சாமானை வைத்தே ஒன்று செய்து பார்த்தேன். 2 மெகாபிக்சல் ஐபி கேமரா, 2.8 மி.மீ. லென்ஸ், ஒரு பிஓஇ ஸ்விட்ச். ஒரே கேபிளில் கரண்டும் படமும் போய்விடும். கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வெளியில் மாட்டும் இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் 60 டிகிரி வரை தாங்கும் என்றே விற்கப்படுகின்றன. உள்ளே பேட்டரி கிடையாது என்பது பெரிய நிம்மதி.

கேமரா மாட்ட வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் பத்தடி உயரத்தில் மாட்டிவிடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் ஹெல்மெட்டும் வழுக்கையும்தான் தெரியும். ஐந்தடி போதும். அதோடு பெல் ஒரு தூணில், கேமரா எதிர்த் தூணில் இருக்கட்டும். இந்த லென்ஸ்களுக்கு ஃபோகஸை ஃபேக்டரியிலேயே தூரத்துக்கு வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஓர் அடியில் நிற்பவர் முகம் மங்கும். பெல்லை அழுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கத் திரும்பாத ஆள் இல்லை, அந்த நொடியில் முழு முகமும் கிடைத்துவிடுகிறது. இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் பட்டால் படம் வெளுத்துப் போகும். கேமராவைச் சுவரிலிருந்து சற்று வெளியே திருப்பினால் சரியாகிவிடும்.

பெல் பக்கம்தான் உண்மையான வேலை. மழையில் நனையும் தூணுக்கு 230 வோல்ட் எதற்கு? பொத்தானுக்கு 12 வோல்ட் மட்டும் கொடுத்து, வீட்டுக்குள் இரண்டு கான்டாக்ட் உள்ள ரிலே ஒன்றை வைத்தேன். ஒரு கான்டாக்ட் பழைய டிங்டாங் பெல்லை அடிக்கிறது. இன்னொன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி32 போர்டுக்குச் செய்தி சொல்கிறது. கேட்6 கேபிளில் நாலு கம்பி சும்மாதானே இருக்கிறது, அதிலேயே பொத்தானை இணைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மலிவு பிஓஇ ஸ்விட்ச்கள் பலவும் அந்தக் கம்பிகளில்தான் கரண்டை அனுப்புகின்றன. தனியாக ஒரு வயர் இழுத்துவிடுங்கள்.

மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. ஈஎஸ்பி32 சொல்லும் செய்தி இதற்குத்தான் வரும். பொத்தான் அமுங்கினால் கேமராவிலிருந்து ஒரு போட்டோ எடுத்து டெலிகிராமுக்கு அனுப்பும். சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலில் போய்வருகிறவர்கள் நிறைந்த ஊர் இது. விட்டு விட்டு வரும் சிக்னலில் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். போட்டோ வந்து விழுந்துவிடும். நேரலையும் பார்க்க வேண்டுமென்றால் கேமராவின் சப் ஸ்ட்ரீமை (சிறிய அளவு வீடியோவை) எச்.264க்கு மாற்றுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் கேமராவில் ஐ-ஃபிரேம் இடைவெளி 50 என்றிருந்தால் 25 ஆக்குங்கள். படம் திறக்கும் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இனி குறை. வந்தவரோடு பேச முடியவில்லை. மலிவு கேமராக்களில் பெரும்பாலும் மைக் உண்டு, ஸ்பீக்கர் கிடையாது. ஸ்பீக்கர் உள்ளதை வாங்கினாலும் ஆப் வழியாகப் பேச்சு தாமதமாகவே போய்ச் சேர்கிறது. நியூயார்க்கில் நர்ஸாக இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவரோடு சேர்ந்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வீட்டுக் காவல் அமைப்பில், கதவுத் துளைகளின் வழியே பார்க்கும் கேமராவும் படுக்கையறை டிவியும் மட்டுமல்ல, வந்தவரோடு பேசும் வசதியும் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து நான் பேச்சில் தோற்றிருக்கிறேன்.

கரண்ட் போனாலும் வேலை செய்ய, பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர், லேப்டாப், பெல்லின் 12 வோல்ட் சப்ளை எல்லாமே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பழைய ஸ்டாக்கை மலிவாகத் தள்ளிவிடும் கடைகளில் அந்தச் சோதனை முடிந்த கேமராவா என்று கேட்டு வாங்குங்கள். எதிர்வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் பிரைவசி மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள், கேமரா செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

ஏற்கெனவே சிசிடிவி ஓடும், கேட் தள்ளியிருக்கும் தனி வீட்டுக்கு இது தாராளமாகச் செய்யலாம். அபார்ட்மென்ட்காரர்களும், பேசியே ஆக வேண்டும் என்பவர்களும் வயர் உள்ள வீடியோ டோர் போன் வாங்கிக்கொள்வது நல்லது. செய்யத் துணிகிறவர்கள் ரிலேயின் 230 வோல்ட் பக்கத்தை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.