மேலே ஆயில், கீழே நெருப்பு

செம்பு வாஷர் ஒன்றை விரல் நுனியில் ஏந்தி வெளிச்சத்துக்குக் காட்டினார். வட்டம் முழுக்கப் பளபளவென்று ஓர் அச்சு. இன்ஜெக்டர் உட்கார்ந்து அழுத்திய தடம். ஓரிடத்தில் மட்டும் அந்தப் பளபளப்பைத் தலைமுடி அளவில் ஒரு கறுப்புக் கோடு குறுக்கே வெட்டியிருந்தது. "இந்த வழியாகத்தான்" என்றார். நெருப்பு நடந்துபோன பாதை அது. காலையில் செல்ஃப் அடித்தால் என் வண்டி நெடுநேரம் முனகிவிட்டு எழுந்த மூன்று மாதக் கதையும் அந்தக் கோட்டுக்குள் அடங்கியிருந்தது.

வண்டி, லேண்ட் ரோவர் டிஸ்கவரி. இடம், நடு வேல்ஸில் ஓர் ஆட்டுப் பண்ணையை ஒட்டிய தகரக் கொட்டகை. அறுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர் வேலை செய்வதை ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சேரிக்கு நல்ல இருக்கை கிடைத்தவனைப்போல இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் வண்டியில் இருப்பது டிடி5 எஞ்சின். 1998-இல் டிஸ்கவரியிலும் டிஃபெண்டரிலும் வந்தது. டிஃபெண்டரில் 2007 வரை நீடித்தது. 5 சிலிண்டர், 2495 சிசி. நாம் பார்த்துப் பழகிய பழைய டீசல் எஞ்சின்களில் பம்ப் ஒரு பக்கம், நாசில் ஒரு பக்கம், நடுவே இரும்புக் குழாய்கள். இதில் பம்பும் நாசிலும் ஒரே உடம்பு. கேம் ஷாஃப்ட் ராக்கரை அழுத்துகிறது, ராக்கர் இன்ஜெக்டரின் தலையை அழுத்துகிறது, உள்ளே டீசல் 1500 பார் வரை நெருக்கப்பட்டுப் பொடிப்புகையாகச் சீறுகிறது. இந்த அமைப்பால் இன்ஜெக்டருக்கு வாய்த்த வாழ்க்கை விசித்திரமானது. தலை ஆயிலில் நனைகிறது. இடுப்பைச் சுற்றி, ஹெட்டுக்குள் குடைந்த வாய்க்காலில், 4 பார் அழுத்தத்தில் டீசல் ஓடுகிறது. கால் நெருப்பில் நிற்கிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொடாமல் காப்பவை இரண்டே இரண்டு: ஆயிலுக்கும் டீசலுக்கும் நடுவே ஒரு ரப்பர் ஓ-ரிங், டீசலுக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு செம்பு வாஷர்.

எது போயிற்று என்பதை வண்டியே சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தவருக்கு. ஓ-ரிங் தளர்ந்தால் டீசல் ஆயிலில் கலக்கும். ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறும். சில நேரம் ஆயில் டீசலுக்குள் இறங்கி டேங்க்கில் இருப்பதைக் கறுக்க வைக்கும். செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு டீசல் வாய்க்காலில் புகுந்து குமிழி குமிழியாகக் கிளம்பும்; எஞ்சின் எழுவதற்குப் படாதபாடு படும். எனக்கு இரண்டும் இருந்தன. பெரியவர் டிப்ஸ்டிக்கை உருவினார், மட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை. முகர்ந்தார், கருவி எடுக்கப் போய்விட்டார்.

கழற்றுவதில் பெரிய வித்தை இல்லை, ஒழுங்குதான் உண்டு. ராக்கர் ஷாஃப்ட் வந்தது, பிடிப்பான்கள் வந்தன, ஒவ்வோர் இன்ஜெக்டரும் சிணுங்கிக்கொண்டே மேலேறியது. ஒரு மரப்பலகையில் ஐந்து துளையிட்டு, 1 முதல் 5 வரை எண் எழுதி வைத்திருந்தார். எடுத்த இன்ஜெக்டர் அதனதன் துளைக்கே போயிற்று. காரணம் இருக்கிறது. ஒவ்வோர் இன்ஜெக்டரின் உடம்பிலும் ஓர் எழுத்துக் குறியீடு உண்டு. அதன் இயல்பைச் சொல்லும் அந்தக் குறியீட்டை எஞ்சினின் கணினி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இடம் மாற்றிப் போட்டால் ஒருவருக்கு அளந்த சட்டையை இன்னொருவர் போட்ட கதைதான்.

பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி. புது வாஷர் போட ஒரு நிமிடம் போதும். அது உட்காரும் இடத்தைத் துடைக்க அவர் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றிக் குழிக்குள் விட்டுத் திருகுவார், எடுத்துப் பார்ப்பார், கறுப்பு. துணி மாற்றுவார். மறுபடி, பழுப்பு. மறுபடி. ஐந்து குழிக்கும் அதே நிதானம். துணி வெள்ளையாகவே திரும்பிய பிறகுதான் சிறு விளக்கைக் கட்டி உள்ளே இறக்கிக் கண்ணால் பார்த்தார். உப்புத்தாள் அவர் பக்கத்திலேயே இல்லை. அதன் துகள் ஒன்று சிலிண்டருக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கரித்துகள் ஒன்று வாஷருக்கு அடியில் தங்கினாலும் போதும், புதுச் செம்பு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து அடுத்த கறுப்புக் கோட்டுக்கு வழிவிடும்.

மூன்றாம் குழியில் விளக்கு நின்றது. நெற்றி சுருங்கியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடியில் இன்னொரு செம்பு வாஷர், கரியேறி உலோகத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஓராண்டுக்கு முன் வேறொரு கடையில் இதே வேலைக்குப் பணம் கொடுத்திருந்தேன். பழையதை எடுக்காமல் அதன்மேல் புதியதைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். கறுப்புக் கோடு விழுந்ததும் அந்த மேல் வாஷரில்தான். இரட்டை வாஷரில் இன்ஜெக்டர் தன் இடத்தைவிட உயரத்தில் நிற்கும். பீய்ச்சும் டீசல் பிஸ்டனில் விழ வேண்டிய இடத்தில் விழாது. எனக்குக் கோபம் வந்தது. அவரோ வளைந்த கம்பியால் விளிம்பை நெம்பி நெம்பி, இருபது நிமிடத்தில், குழிக்கு ஒரு கீறலும் படாமல் அதை வெளியே எடுத்தார்.

செம்பை ஏன் போட்டார்கள் என்று ஒரு காலத்தில் யோசித்திருக்கிறேன். பாத்திரம் அடிக்கும் கன்னாரைக் கேட்டால் சொல்வார். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். செம்பு அப்படியே இளகும். அடிக்க அடிக்க இறுகும், காய்ச்சினால் மறுபடி குழையும். அந்தக் குழைவுதான் இங்கே வேலை செய்கிறது. இன்ஜெக்டர் அழுத்தும்போது செம்பு நசுங்கி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் புகுந்து நிரப்புகிறது. ஒரு முறை நசுங்கியது இறுகிவிடும். மறுமுறை அப்படி நிரப்பாது. பழைய வாஷரைக் காய்ச்சித் திரும்பப் போடுபவர்கள் உண்டு. நடுக்காட்டில் நின்றுவிட்டால் செய்யலாம். வீட்டு வாசலில் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

இன்ஜெக்டரைத் தூக்கியதும் வாய்க்காலில் நின்ற டீசல் சிலிண்டருக்குள் வழிந்திருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது அந்த டீசல் நசுங்காது. எஞ்சினின் உள்ளுறுப்புதான் வளையும். சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி ஐந்திலும் உறிஞ்சினார். அதற்குமேல், குழிகள் திறந்திருக்கும்போதே எஞ்சினைக் கொஞ்சம் சுற்றவிட்டார். குழிகளை இன்னொரு தரம் துடைத்தார். புது ஓ-ரிங்கில் ஆயில் தொட்டுத் தடவி, முறுக்கு விழாமல் ஏற்றினார். கட்டை விரலால் இன்ஜெக்டரை அழுத்தியபோது 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்துக்காக ஒவ்வொன்றிலும் காது கொடுத்தார். நான்காவது சரியாகச் சொல்லவில்லை என்று திரும்ப எடுத்துப் போட்டார். டார்க் ரெஞ்சில் 32 நியூட்டன் மீட்டர். ராக்கர் திருகை அடிவரை இறக்கி, ஒரு முழுச் சுற்றுப் பின்வாங்கினார். உள்ளே பிளஞ்சர் அடிதட்டாமல் இருக்க அந்த ஒரு சுற்று.

டீசல் கலந்த ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினார். சாவியைத் திருப்பி, ஆக்சிலரேட்டரை முழுக்க ஐந்து முறை மிதித்தார். எச்சரிக்கை விளக்கு மினுக்கத் தொடங்கியது; டேங்க்கில் பம்ப் இரைந்து வாய்க்காலிலிருந்த காற்றைத் துரத்தியது. மூன்று நிமிடம் பொறுத்து செல்ஃப் அடித்தார். முதலில் தடுமாற்றம், ஒரு வெள்ளைப் புகை, பிறகு ஐந்து சிலிண்டருக்கே உரிய அந்த ஒற்றைப்படைத் தாளம்.

வண்டியை இரவு அங்கேயே விட்டேன். மறுநாள் காலை புல்லெல்லாம் உறைபனி. அரைச் சுற்றில் எழுந்தது எஞ்சின். அவர் அதை நிறுத்தச் சொன்னார், சற்றுக் காத்திருந்தார், டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார். ஆயில் வாசனை, வேறெதுவும் இல்லை.