கைதட்ட இடமில்லாத படம்

எரியும் தேசியக் கொடிமேல் ரிஷிகுமார் விழுந்து அணைக்கிற இடத்தில் நானும் கைதட்டினவன்தான். 1992க்கான தேசிய ஒருமைப்பாட்டு விருது ‘ரோஜா’வுக்குப் போனபோது, ‘பின்னே, வேற யாருக்குக் கொடுப்பாங்க?’ என்றுதான் தோன்றியது.

எம்.எஸ். சத்யுவின் ‘கரம் ஹவா’வைப் பிறகுதான் பார்த்தேன். 1973க்கான அதே விருதைப் பெற்ற படம். பிரிவினைக்குப் பின்னும் ஆக்ராவை விட்டுப் போகாமல் காலணித் தொழில் நடத்தும் சலீம் மிர்சாவுக்குக் கடன் கிடைப்பதில்லை. வாடகைக்கு வீடும் கிடைப்பதில்லை. கைதட்ட ஒரு இடமில்லை. எங்கள் மாடி போர்ஷனைக் கேட்டு வந்த ஒருவரிடம், பேரைக் கேட்டதும் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது.

‘ரோஜா’வில் மாற வேண்டியவர் லியாகத், பார்க்கிற நான் மாற வேண்டியதில்லை. சத்யு என்னைத்தான் மாறச் சொல்கிறார். ரெண்டுக்கும் ஒரே பதக்கம் என்றால் ஒருமைப்பாடு யாருடைய வேலை?

2024இல் அறிவித்த மாற்றத்தில் இந்த விருதை, சமூகப் பிரச்சினை, சுற்றுச்சூழல் விருதுகளோடு சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். நர்கிஸ் தத் பெயரும் போயிற்று. பெயர் போகட்டும், அந்தக் கேள்வியும் கூடவே போய்விடக் கூடாது.